நெடியவனை அளப்பது எப்படி?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பயிரைப் பொறுத்தவரையில் அது பெரும்பாலும் உண்மையே. நாற்றங்காலில் நிற்கும் நாற்றின் நிறத்தையும் தண்டின் தடிப்பையும் கண்டு, அவ்வாண்டின் விளைச்சலை ஒருவாறு மதிப்பிட்டுச் சொல்லும் உழவர்கள் நம்மிடையே உண்டு. ஆயினும் அவர்களிடம் சற்று நின்று உரையாடினால், முளையை மட்டும் பார்த்து அவர்கள் எதையும் சொல்வதில்லை என்பது விளங்கும். மண் எத்தகையது, நீர் எப்போது வரும், களையெடுக்க ஆள் உண்டா என்பவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகே அவர்கள் வாய் திறக்கிறார்கள். மனிதப் பயிரை மதிப்பிடும்போது மட்டும் நாம் இந்த நிதானத்தை எளிதில் மறந்துவிடுகிறோம்.

ஒரு சிறுவன் பதினான்கு வயதிலேயே ஆறரை அடி வளர்ந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். தெருவில் காண்போர் அவனை நிமிர்ந்து பார்க்கிறார்கள். பேருந்தில் அவன் தலை கூரையில் இடிக்கிறது. கால் அளவுக்குச் செருப்புக் கிடைப்பதில்லை. "தம்பி, பந்து விளையாடுகிறாயா?" என்று கேட்காதவர் இல்லை. சில மாதங்களில் அவன் கையில் ஒரு கூடைப்பந்து வந்து சேர்ந்துவிடுகிறது. அன்று முதல் அவனைப் பற்றி ஊரார் இரு கட்சியாகப் பிரிந்து பேசத் தொடங்குகிறார்கள். "உலகையே வெல்லப் போகிறான்" என்பது ஒரு கட்சி. "வெறும் பனைமரம், ஓடத் தெரியவில்லை" என்பது மற்றொரு கட்சி. இவ்விரண்டு தீர்ப்புகளும் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை? நெடிய இளைஞன் ஒருவனை ஆட்டக்காரனாக மதிப்பிடுவது எப்படி? இவற்றையே இவ்வுரையில் நாம் ஆராய எண்ணுகிறோம்.

கூடைப்பந்தாட்டம் தோன்றியது 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலே, கிறித்தவ இளைஞர் சங்கப் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நைஸ்மித் என்பவர், குளிர்காலத்தில் மாணவர்கள் கூரைக்குள்ளேயே ஆடுவதற்கென்று இதனை வகுத்தார். கூடை தரையிலிருந்து 10 அடி உயரத்தில் மாட்டப்பட்டது. இன்றளவும் அவ்வுயரம் மாறவில்லை. நம் நாட்டில், அதே சங்கத்தின் சார்பில் ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரி, இவ்வாட்டத்தையும் ஏனைய பல ஆட்டங்களையும் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லும் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தது.

கூடை 10 அடி உயரத்தில் நிலைத்துவிட்டமையால், அதற்கு அருகில் தலை எட்டும் மனிதருக்கு இயல்பாகவே ஒரு சலுகை வாய்த்துவிடுகிறது. அச்சலுகையைக் கட்டுப்படுத்த விதிகளையே மாற்ற வேண்டியதாயிற்று. கூடையை நோக்கிக் கீழிறங்கும் பந்தை நெடியவர்கள் தட்டிவிடுவதை 1944-இல் அமெரிக்கக் கல்லூரி ஆட்ட விதிகள் தடை செய்தன. ஜார்ஜ் மைக்கன் என்ற 6 அடி 10 அங்குல உயர ஆட்டக்காரர் கூடையின் அடியிலேயே நின்று எண்ணிக்கைகளைக் குவித்தமையால், கூடைக்கு முன்னுள்ள தடைப் பகுதியின் அகலத்தை 1951-இல் 6 அடியிலிருந்து 12 அடியாக விரித்தார்கள். தாக்குதல் நடத்தும் அணியினர் அப்பகுதிக்குள் 3 வினாடிக்கு மேல் நிற்றல் கூடாது. நெடியவர் சற்று விலகி நின்று ஆடும்படி இதனால் நேர்ந்தது. விதி வகுப்போர் அஞ்சி விதியை மாற்றும் அளவுக்கு உயரம் வலிமையுடையது என்பதை இச்செய்திகள் காட்டுகின்றன. விதி மாறிய பிறகு, உயரம் மட்டும் போதாது என்பதையும் அவையே காட்டுகின்றன.

இனி, நெடியவர்களை மதிப்பிடும் கலை மிகவும் வளர்ந்துள்ள ஓர் ஏற்பாட்டைக் காண்போம். அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துக் கழகம், அதாவது என்.பி.ஏ., ஆண்டுதோறும் நடத்தும் 'டிராஃப்ட்' என்பதே அது. இச்சொல்லைத் தமிழாக்குவதில் ஒரு சிறு சங்கடம் உண்டு. அலுவலகத்தில் டிராஃப்ட் என்றால் வரைவு. வங்கியில் அதுவே வரைவோலை. படையைப் பற்றிய பேச்சில் கட்டாய ஆளெடுப்பு. விளையாட்டில் இவற்றுள் எதுவும் பொருந்தாது. அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக முறை வைத்து, இளம் ஆட்டக்காரர்களின் பெயரைச் சொல்லித் தமக்கு உரியவர்களாக்கிக்கொள்வதே இங்கே நடப்பது. ஆகவே இதனை முறைத்தேர்வு என்று வழங்குவோம்.

முறைத்தேர்வு 1947-இல் தொடங்கியது. முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை தருவது இதன் அடிப்படைக் கொள்கை. மெலிந்தவனுக்கு முதல் பந்தி என்பது போன்ற ஏற்பாடு. ஆனால், நல்ல இளைஞனைப் பெறுவதற்காகவே சில அணிகள் வேண்டுமென்று தோற்கக்கூடுமல்லவா? அதைத் தடுக்க, முதல் சில இடங்களைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும் முறை 1985-இல் புகுத்தப்பட்டது. 2015-ஆம் ஆண்டில் 30 அணிகள், இரண்டு சுற்றுகள், ஆக 60 இடங்கள். முதற்சுற்றில் தேர்ந்தெடுக்கப்படுபவர்க்கு ஊதியம் உறுதி. இரண்டாஞ்சுற்றில் வருபவர்க்கு அவ்வுறுதி இல்லை. அணி அவரை அழைக்கலாம், அழைக்காமலும் விட்டுவிடலாம். இந்த வேறுபாடு பின்னர் நாம் காணப்போகும் கதைக்கு இன்றியமையாதது.

முறைத்தேர்வுக்கு முன்னுள்ள மாதங்களில், அணிகளின் ஆதரவாளர்கள் தம்முள் நடத்தும் விவாதத்துக்கு எல்லையே இல்லை. அவ்விவாதம் கடல் கடந்தும் ஒலிக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா, கல்லாறு வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் சென்றால் பொன்முடி மலையை அடையலாம். ஒரு விடுமுறை நாளில் அம்மலையுச்சியில் விளையாட்டன்பர் சிலருடன் நாம் அமர்ந்திருந்தோம். மூடுபனி விலகக் காத்திருந்த நேரத்தில், அயல்நாட்டு நெடிய இளைஞர்களைப் பற்றிய பேச்சு எழுந்தது. நம்முள் மூத்தவர் ஒருவர், பயிற்சியாளர்களிடையே வழங்கும் பழைய வாசகத்தை எடுத்துரைத்தார்: "உயரத்தை யாரும் கற்பிக்க முடியாது. மற்றவற்றைக் கற்பித்துக்கொள்ளலாம்." நாகர்கோவிலைச் சேர்ந்த இளைய நண்பர் இதற்கு உடன்படவில்லை. "அண்ணாச்சி, இந்த மலையின் உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர் என்று பலகையில் எழுதிவிடலாம். ஆனால் கல்லாற்றுக்கு மேலே கொண்டை ஊசி வளைவுகள் 22 உண்டே? வண்டி நல்லதா என்பது வளைவிலேதானே தெரியும்?" என்றார்.

அவர் கூற்றில் பொருள் உண்டு. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஆசிய மலைமிதிவண்டிப் போட்டிகள் இப்பொன்முடியிலேயே நடைபெற்றன. அங்கும் வளைந்து திரும்பும் திறமையும் இறக்கத்தில் நிலை தவறாமையுமே வீரர்களை வேறுபடுத்தின. நெடிய ஆட்டக்காரரை மதிப்பிடுவதும் அத்தகையதே. உயரம் என்பது பலகையில் எழுதப்படும் எண். அதற்கப்பால் பார்க்கவேண்டிய வளைவுகள் பல.

முதலில் உடலளவுகளை எடுத்துக்கொள்வோம். முறைத்தேர்வுக்கு முன் நடைபெறும் பரிசோதனை முகாமில், காலணி இல்லாத உயரத்தையும் அளக்கிறார்கள். காலணி ஓர் அங்குலத்துக்கு மேலும் கூட்டிக் காட்டிவிடும் என்பதே காரணம். அடுத்து, இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்றொரு நடுவிரல் நுனிவரை அளக்கிறார்கள். சாதாரண மனிதர்க்கு இவ்வளவு ஏறக்குறைய அவருடைய உயரத்துக்குச் சமம். சிறந்த நெடிய ஆட்டக்காரர் பலருக்கு இது உயரத்தைவிடச் சில அங்குலங்கள் மிகுந்திருக்கும். பிறகு, நின்றபடியே கையை உயர்த்தினால் எட்டும் உயரம். பந்தைத் தடுப்பது தலையன்று, கையே. ஆதலால் 6 அடி 9 அங்குல மனிதர் ஒருவர் நீண்ட கைகளின் துணையால் 7 அடி மனிதருக்கு நிகராக நிற்பதும் உண்டு.

இரண்டாவதாகப் பார்க்கவேண்டியது கால். நெடியவர் நேராக ஓடுவதைக் கண்டு மயங்குதல் கூடாது. பக்கவாட்டில் இரண்டு மூன்று அடிகள் விரைந்து நகர முடிகிறதா என்பதே கேள்வி. எதிரணியார் வழக்கமாகச் செய்யும் தந்திரம் ஒன்றுண்டு. அவர்களுள் ஒருவர் நம் அணியின் விரைவான காவலருக்குக் குறுக்கே தூண்போல் நின்றுவிடுவார். அந்த இடைவெளியில், பந்துடன் வரும் குள்ளமான வேகக்காரரை நம் நெடியவர் தனியே எதிர்கொள்ள நேரும். அக்கணத்தில் அவர் கால் நகராவிட்டால், ஏழடி உயரமும் பயனற்றதாகிவிடும். தேர்ந்த ஆதரவாளர்கள் ஒரே ஆட்டத்தில் இந்தக் கட்டத்தை மட்டும் பத்துப் பன்னிரண்டு முறை குறித்துவைத்துப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது, கையின் மென்மை. எறியப்படும் பந்தை முதல் பிடியிலேயே அடக்குகிறாரா, தட்டித் தடுமாறுகிறாரா? சுமார் 15 அடி தொலைவிலிருந்து தடையின்றி எறியும் தண்ட எறிதலில் நூற்றுக்கு எத்தனை கூடையில் விழுகின்றன? இவ்வெண்ணிக்கையை அறிஞர்கள் பெரிதும் மதிக்கிறார்கள். எதிரி எவரும் குறுக்கிடாத எறிதல் ஆகையால், எதிரணி வலியதா மெலியதா என்பது இதனை மாற்றாது. இன்று தொலைவிலிருந்து எறிய இயலாத இளைஞர் நாளை கற்றுக்கொள்வாரா என்பதற்கு இது ஓரளவு நம்பத்தக்க அறிகுறி.

நான்காவது, எதிரில் நின்றவர் யார் என்பது. பள்ளிப் போட்டியில் ஐந்தே முக்கால் அடிச் சிறுவர்களுக்கு மேலாகக் கைநீட்டி 40 புள்ளி எடுத்தவரைவிட, வயது வந்த ஆட்டக்காரர் நடுவே 8 புள்ளி எடுத்தவர் மேலானவராக இருக்கக்கூடும். ஐந்தாவது, வயது. பத்தொன்பதில் உள்ள குறையும் இருபத்து மூன்றில் உள்ள குறையும் ஒன்றல்ல. ஆறாவது, உடல்நலம். நெடிய உடலின் பாரத்தைப் பாதத்தின் சிறு எலும்புகள் தாங்கவேண்டியிருக்கிறது. 2002-இல் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சீனரான யாவ் மிங், 7 அடி 6 அங்குல உயரத்தோடு கைத்திறனும் பெற்றவர். பாதக் காயங்களே 2011-இல் அவரை ஓய்வு பெறச் செய்தன.

இத்தனையும் பார்த்த பின்னும் தீர்ப்புப் பிழைப்பது உண்டு. அதற்குச் சான்றுகள் ஏராளம். 1984-இல் போர்ட்லாந்து அணி இரண்டாவது இடத்தில் 7 அடி 1 அங்குல உயரமுள்ள சாம் பூயியை அழைத்தது. அவருக்கு அடுத்து அழைக்கப்பட்டவர் மைக்கேல் ஜோர்டன். 2007-இல் அதே அணி முதலிடத்தில் கிரெக் ஓடன் என்ற நெடியவரைத் தேர்ந்தது. இரண்டாவதாக வந்தவர் கெவின் டியூரன்ட். பூயியும் ஓடனும் திறமையற்றவர்கள் அல்லர். காயங்கள் அவர்களை ஆடவிடவில்லை.

இதற்கு மாறான சான்றுகளும் உள. 2014-இல் செர்பிய நாட்டு நிக்கோலா யோக்கிச் 41-ஆவது இடத்தில்தான் அழைக்கப்பட்டார். அவர் பெயர் படிக்கப்பட்ட நேரத்தில் தொலைக்காட்சியில் உணவு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. உயரமாகக் குதிக்கமாட்டார், விரைந்து ஓடமாட்டார் என்பதே அவரைப் பற்றிய பொது அபிப்பிராயம். அவர் 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் கழகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். 2023-இல் தம் அணியைச் சாம்பியனாக்கினார். கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் பந்து வழங்கலில் அவர் மன்னர். அதை அளக்கும் கோல் பரிசோதனை முகாமில் இல்லை.

2015-ஆம் ஆண்டு முறைத்தேர்வில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. நியூயார்க் அணி நான்காவது இடத்தில் லாட்வியா நாட்டவரான 7 அடி 3 அங்குல உயர கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் என்பவரை அழைத்தபோது, அரங்கிலிருந்த அவ்வணியின் ஆதரவாளர்களே கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஒரு சிறுவன் அழுததை உலகம் பார்த்தது. அவருக்கு முந்தைய இடத்தில் பெரும் பாராட்டுடன் அழைக்கப்பட்ட ஜலீல் ஓகஃபர், கூடையின் அடியில் நின்று ஆடும் பழைய பாணியில் வல்லவர். ஆட்டம் தொலைவெறிதலை நோக்கி நகர்ந்துவிட்டமையால் ஓகஃபர் மங்கினார். தொலைவிலிருந்தும் எறியவல்ல போர்சிங்கிஸ் 2018-இல் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2024-இல் பாஸ்டன் அணியுடன் சாம்பியன் பட்டமும் பெற்றார்.

அதே 2015 ஜூன் 25-ஆம் நாள் இரவில், 52-ஆவது இடத்தில் ஓர் இந்தியரின் பெயர் ஒலித்தது. பஞ்சாப் மாநிலத்தின் பல்லோ கே என்ற சிற்றூரில் 1995-இல் பிறந்த சத்னாம் சிங் பமரா அவர். இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. முறைத்தேர்வில் அழைக்கப்பட்ட முதல்வர் அவரே. அழைத்தது டல்லாஸ் அணி. அவர் உயரம் 7 அடி 2 அங்குலம். தந்தையும் ஏழடியைத் தாண்டிய உழவர். தமக்குக் கிட்டாத வாய்ப்பு மகனுக்காவது கிட்டட்டும் என்று அவர் சிறுவனை லூதியானா கூடைப்பந்துப் பயிற்சிக் கழகத்தில் சேர்த்தார். அங்கே சங்கரன் சுப்பிரமணியன் என்ற பயிற்சியாளரிடம் சத்னாம் பாடம் கேட்டார். 2010-இல், பதினான்கு வயதில், உதவித்தொகை பெற்று அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்திலுள்ள ஐ.எம்.ஜி. பயிற்சிக் கழகத்துக்குச் சென்றார். ஆங்கிலம் அறியாத சிறுவன், அயல்நாட்டு உணவு, தாய் தந்தையர் இல்லாத விடுதி. அங்கே ஐந்து ஆண்டுகள் கழிந்தன.

அப்போது ஆதரவாளர்கள் அவரைப் பற்றிச் செய்த மதிப்பீடு எத்தகையது? உடல் வலிமை உண்டு, கை மென்மை உண்டு, உயரத்துக்குக் குறைவில்லை என்றார்கள். ஆனால் பக்கவாட்டு நகர்வு மெதுவானது, துள்ளல் குறைவு, கல்லூரி ஆட்டமே ஆடாதவர் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். இந்தியாவின் பெருஞ்சந்தையைக் கருதியே அவரை அழைத்தார்கள் என்று கூறியோரும் உண்டு. இம்மதிப்பீட்டில் உண்மை இருந்தது என்பதைப் பின்வந்த நிகழ்ச்சிகள் காட்டின. அவர் அழைக்கப்படுவதற்கு ஒன்பது நாள் முன்புதான் கோல்டன் ஸ்டேட் அணி சாம்பியனாகியிருந்தது. அவ்வணி இறுதித் தொடரின் நான்காம் ஆட்டத்திலிருந்து தன் ஏழடி ஆட்டக்காரரைத் தொடக்கத்தில் இறக்காமல், குட்டையான விரைவுக்காரரை இறக்கி வென்றது. நெடியவருக்கென்று வைத்திருந்த நாற்காலியே சிறுத்துக்கொண்டிருந்த காலத்தில் சத்னாம் வாசலில் வந்து நின்றார்.

அவர் டல்லாஸின் துணையணியான டெக்சஸ் லெஜண்ட்ஸில் இரண்டு பருவங்கள் இருந்தார். ஆடக் கிடைத்த நேரம் மிகச் சிறிது. முதன்மைக் கழகத்தின் பருவ ஆட்டம் ஒன்றிலேனும் இறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 2017-இல் தாய்நாடு திரும்பி இந்திய அணிக்கு ஆடினார். ஊக்கமருந்துச் சோதனை தொடர்பாக 2020-இல் இரண்டாண்டுத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அமெரிக்க மல்யுத்தக் காட்சி நிறுவனம் ஒன்றில் சேர்ந்து 2022-இல் அரங்கேறினார். கூடைப்பந்து தேடி வந்த அதே உயரத்தை இப்போது வேறொரு மேடை விலைக்கு வாங்கிக்கொண்டது.

இக்கதையைத் தோல்வி என்று முத்திரையிடுவது எளிது. ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்டாகவேண்டும். அவருடைய கால்கள் மெதுவானவை என்றால், எப்போது அவற்றுக்குப் பயிற்சி தொடங்கியிருக்கவேண்டும்? நைஜீரியரான ஹக்கீம் ஒலாஜுவான் சுமார் பதினைந்து வயதில்தான் கூடைப்பந்தைத் தொட்டார். 1984-இல் முதலாவதாக அழைக்கப்பட்டு, 1994, 1995 ஆகிய இரு ஆண்டுகளிலும் தம் அணியைச் சாம்பியனாக்கினார். அதற்கு முன் அவர் கால்பந்தும் ஹேண்ட்பாலும் ஆடியவர். விரைந்து திரும்பும் கால் அவ்வாட்டங்களில் பழகிய கால். கேமரூன் நாட்டு ஜோயல் எம்பீட் 2014-இல் மூன்றாவதாக அழைக்கப்பட்டு, பாதக் காயத்தால் இரண்டு பருவங்கள் முழுவதும் ஆடவேயில்லை. அணி பொறுத்திருந்தது. 2023-இல் அவர் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். முதற்சுற்றுக்காரருக்கு இந்தப் பொறுமை கிடைக்கிறது. 52-ஆவது இடத்தில் வருபவருக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. நெடியவரின் உடலும் ஆட்டமும் முதிர்வதற்குப் பிறரைவிட அதிக காலம் வேண்டும் என்பதே இவ்வாழ்க்கைகளின் பாடம்.

நம் பக்கத்துச் சான்று ஒன்றும் உண்டு. கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்த கீத்து அன்னா ஜோஸ், 6 அடி 2 அங்குல உயரமுடையவர். சென்னையில் தென்னக இரயில்வே அணிக்காகவும் இந்திய அணிக்காகவும் கூடைக்கு அருகில் நின்று ஆட்டத்தை ஆண்டவர். ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணிக்கு ஆடிப் பெயர் பெற்றார். 2011-இல் அமெரிக்க மகளிர் கழகத்தின் சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று அணிகள் அவரைச் சோதனைப் பயிற்சிக்கு அழைத்தன. இடம் கிட்டவில்லை. நம் நாட்டில் மலையாகத் தோன்றிய உயரம், அங்கே நடுத்தர உயரமாகிவிட்டது. நடுநிலையில் ஆடிப் பழகியவர் வெளிப்புறத்தில் ஆடவேண்டியவராக மதிப்பிடப்பட்டார். உயரம் என்பது நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும் அளவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2014-இல் அருச்சுனா விருது அவரை அணி செய்தது.

திருவனந்தபுரத்தின் உள்ளரங்கம் ஒன்று கைப்பந்து வீரர் ஜிம்மி ஜார்ஜின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1955-இல் பிறந்து 1987-இல் இத்தாலியில் சாலை விபத்தில் மறைந்த அவர், உலக அளவில் பெரும் நெடியவர் அல்லர். அவர் எழும்பி, வானில் ஒரு கணம் நிற்பதுபோல் நின்று, பந்தை அறைந்த அழகையே இத்தாலியர்களும் கொண்டாடினார்கள். கைப்பந்துக்கும் உயரம் வேண்டிய ஆட்டம் என்று பெயர் உண்டு. ஆயினும் அவருடைய புகழ் உயரத்தால் வந்ததன்று, பயின்ற காலால் வந்தது.

நம் ஊர்களில் நெடிய பிள்ளைகள் இல்லாமற்போகவில்லை. பொன்முடி அடிவாரத்து விதுராவிலும், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளிலும், நாஞ்சில் நாட்டுச் சிற்றூர்களிலும் வகுப்பின் கடைசி வரிசையில் கூனிக்குறுகி அமர்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களைக் கண்டெடுக்கும் அமைப்புகளும் உண்டு. கேரள விளையாட்டு மன்றத்தைத் தோற்றுவித்துப் பேணிய கோதவர்ம ராஜா 1971-இல் மறைந்த பின், அவர் பெயரால் திருவனந்தபுரம் மாவட்டம் மைலத்தில் விளையாட்டுப் பள்ளி நடைபெறுகிறது. காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. பெரியகுளம், கோயம்புத்தூர் ஆகிய ஊர்களில் நடைபெறும் அகில இந்தியப் போட்டிகளைக் காணக் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், நம் மக்களுக்கு இவ்வாட்டத்தில் ஆர்வமில்லை என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

ஆகவே, இத்தகைய பிள்ளை ஒருவன் நம் கண்ணில் பட்டால் செய்யவேண்டுவன சில. ஆண்டுக்கு இருமுறை உயரத்தையும் கைவிரிவையும் குறித்துவைப்பது நலம். விரைந்து வளரும் காலத்தில் முழங்காலிலும் பாதத்திலும் வலி என்றால், சோம்பல் என்று கடியாமல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். கூடையின் அடியிலேயே நிறுத்தி வைக்காமல், குள்ளமான சிறுவர்களோடு ஓடிப்பிடித்து ஆடவும், பந்தைத் தட்டிக்கொண்டு போகவும் விடவேண்டும். கயிறு தாண்டலும் கால்பந்தும் அவன் காலுக்கு ஆசான்கள். பள்ளிப் படிப்பை எக்காரணம் கொண்டும் நிறுத்தலாகாது. 60 இடங்களுக்கு உலகமே போட்டியிடும் ஆட்டத்தில், இடம் கிட்டாதவனுக்கும் வாழ வழி வேண்டும்.

விளையாட்டன்பர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. இளம் ஆட்டக்காரரைப் பற்றி வாதிடுவது இன்பமான பொழுதுபோக்கு. அதை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் "தேறுவான், தேறமாட்டான்" என்ற இரு சொற்களுக்குப் பதிலாக, "இன்னும் எதைக் கற்கவேண்டும், அதற்கு எத்தனை ஆண்டு வேண்டும், அவ்வாண்டுகளை அவனுக்குத் தருபவர் யார்?" என்று கேட்கப் பழகுவோமாக. உழவன் முளையைப் பார்த்தவுடன் விளைச்சலை அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதில்லை. நீர் பாய்ச்சவும் களையெடுக்கவும் மறுநாள் காலையில் வயலுக்கு வருகிறான். பிள்ளையின் உயரத்தை அளந்தபின் நாமும் அவ்வாறே மறுநாளும் அவனிடம் வரவேண்டும்.